தசமம் தெரியாத பெட்டியும் மண்டூர் இறால்களும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

என் மாடலுக்குப் பெட்டி செய்துதர ஒத்துக்கொண்ட ஷிரோமி, மட்டக்களப்பிலிருந்து என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, நடுவில் ஒரு கறுப்புச் சில்லு. கீழே ஒரே கேள்வி: "உங்கட மொடல் இதில ஓடுமா?" நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு பஜ்ஜிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கான கட்டைவிரலால் ஒரு கட்டைவிரல் பொம்மையைத் தட்டி அனுப்பினேன். அதை நம்பி அவர் பலகையை வாங்கினார். அவரை நம்பி ஒரு மனிதர் தன் குளத்தில் இறால் குஞ்சு விட்டார். எல்லாரையும் நம்பி நான் கடல் தாண்டினேன்.

சத்தத்தை அடையாளம் காணும் நிரலை, அதாவது மாடலை, எழுதிக் கணினிக்குக் காது வைத்துக்கொடுப்பது என் உத்தியோகம். இறால் தீனியைக் கடிக்கும்போது தண்ணீருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நிறைய டிக் கேட்டால் பசியோடு தின்கிறது, டிக் குறைந்தால் வயிறு நிறைந்துவிட்டது. நீருக்குள் தொங்கும் ஒரு மைக் வழியாகப் பெட்டி இதைக் கேட்டு, தீனி தூவும் மோட்டாரை ஓட்டவேண்டும், நிறுத்தவேண்டும். நிறுத்துவதுதான் பெரிய விஷயம். மிஞ்சிய தீனி அடியில் போய் அழுகும், தண்ணீர் கெடும், ஒருநாள் காலையில் இறாலெல்லாம் மிதக்கும்.

இவ்வளவு பேசுகிற எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஒன்று தின்றால் போதும், உதடு வீங்கிவிடும். எனவே நான் இறாலை இதுவரை காதால் மட்டுமே அனுபவித்தவன்.

மட்டக்களப்பில் என்னை ஏற்றிக்கொண்ட ஓட்டோக்காரர், கல்லடிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் வாவி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட யாருமில்லை. எங்கள் ஊரில் குளத்தைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துப் பழகிய கை, பழக்கதோஷத்தில் மேலே வந்து, வேலை இல்லாமல் மீசையைத் தடவிவிட்டு இறங்கியது.

"இந்தியாவா? மீன்பாட்டுக் கேக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டோக்காரர். இந்த வாவியில் மீன் பாடும் என்பது ஊரின் பெருமை. வெளியாள் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான் போல.

"இல்லீங்கண்ணா. இறால் சாப்பிடற சத்தம் கேக்க."

கண்ணாடியில் என்னை நன்றாகப் பார்த்தார். "பாடுற மீன் இரிக்க, தின்னுற இறாலையா?"

நான் என் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஷிரோமிக்கு டவுனில் ஒரு மின்னணுப் பழுதுபார்க்கும் கடை. மேல்மாடியில் பட்டறை. பொறியியல் படித்து, கொழும்பில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிறு காலை மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார், மற்ற நாட்களில் சி என்ற கணினி மொழியில் சில்லுகளுக்குப் புத்தி சொல்வார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார், ஆனால் அதில் ஒரு சந்தேகம் தொங்கியது.

மதியம் சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மாங்காய்ச் சம்பல், நடுவில் இறால் பால்கறி. தேங்காய்ப்பாலில் இறால் மினுங்கியது. இறால் வேலைக்கு வந்தவன் இறால் வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்கள்? மரியாதைக்கு ஒன்று தின்றேன். மரியாதை மிகவும் ருசியாக இருந்ததால் இன்னும் மூன்று தின்றேன். தயிர்ச்சட்டி வருவதற்குள் என் உதடுகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி, வாய்!" என்றார் ஷிரோமி.

"இறால் ஆகாதுக்கா."

அவர் சிரிக்கவில்லை. ஃபார்மசிக்கு ஓடி மாத்திரை வாங்கிவந்து, நான் விழுங்குவதைப் பார்த்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் சிரித்தார். "இறால் கண்டுபிடிக்கிற மெசின் நீங்கதான். பிறகு என்னத்துக்குப் பலகை?"

மறுநாள் குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கப் போய்நின்றோம். அங்கே வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். இரும்புத் தட்டு ஒன்று, மோட்டார் சைக்கிள், சைக்கிள், காய்கறி மூட்டை, பள்ளிக்கூட டீச்சர்மார் எல்லாரையும் சுமந்துகொண்டு அவசரமே இல்லாமல் அக்கரைக்குப் போகும். நாங்கள் போனபோது அது அக்கரையில் நின்றது. வந்து சேர்ந்ததும் ஏறினோம். எனக்கு முன்னால் ஏறிய மோட்டார் சைக்கிள் ஒன்று இடம் பார்த்துப் பின்னால் வர, நான் அதற்கு மரியாதையாக வழிவிட்டேன். தட்டு அதற்குமேல் இல்லை. ஒரு கால் முழங்கால்வரை வாவிக்குள். தோளில் மடிக்கணினிப் பை. ஷிரோமி என்னைப் பிடிக்கவில்லை. பையைப் பிடித்தார்.

பனிக்கட்டி விற்கும் ஒரு சிங்களக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்து ஷிரோமியிடம் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற நாலுபேர் சிரித்தார்கள்.

"என்ன கேட்டார்?"

"காலில விழுந்த அடிக்கு வாய் ஏன் வீங்கினதெண்டு கேக்கிறார்."

பாதை நகர்ந்தது. நடுவாவிக்கு வந்தோம். நீர்க்காகங்கள் கம்புகளின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மண்டூர்க் கோயில் மணி தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. என் வாயில் நகைச்சுவை எதுவும் வரவில்லை. அது வீக்கத்தால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்களை நம்பி இறால் குஞ்சு விட்ட புலேந்திரன் அண்ணனின் குளம், மண்டூருக்கு அப்பால், வாவிக்கும் நெல்வயலுக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் கண் எட்டியமட்டும் பச்சைப் பயிர், மறுபக்கம் கண்ணா என்கிற அலையாத்திப் புதர், நடுவில் சதுரமாகக் கறுப்புத் தண்ணீர். அண்ணன் நாற்பது தாண்டிய மெலிந்த மனிதர். முன்பு வேன் ஓட்டியவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க தம்பி. வாய்க்கு என்ன?" என்றார்.

அவர் தோணியில் போய்க் காலைத் தீன் வீசிக்கொண்டிருக்க, அவர் மனைவி சாந்தி அக்கா பாலில்லாத பிளேன்ரீயும் கற்கண்டும் கொடுத்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு தரம் எல்லாம் செத்துப் போச்சு தம்பி. பசிக்கும் பசிக்கும் எண்டு இவர் போட்டுப்போட்டு, அடி கறுத்து, மணம் எடுத்து... வீட்டுக்குள்ள இரிக்க ஏலாத மணம். இது மூணாம் தரம். இதுவும் பழுதானா குளத்தை விட்டுட்டுக் பிளேன் ஏறிக் கட்டாருக்கு லொறி ஓடப் போறாராம். சனிக்கிழமை ஏஜென்சிக்காரர் ஃபோன் எடுப்பாங்க. ஓமா இல்லையா எண்டு அண்டைக்குச் சொல்லோணும்."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ற? மூத்தவள் தகப்பன்ட காலைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறாள். அவள்ட பேச்சும் எடுபடல்ல. இறால்தான் சொல்லோணும்."

பஜ்ஜிக் கடை வாசலில் நான் தட்டிய கட்டைவிரல் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டினேன். கோயம்புத்தூரில் கண்ணாடித் தொட்டியில் கொஞ்சம் இறாலை வைத்து ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் வெறும் தண்ணீர். தூரத்தில் ஒரு படகு எஞ்சின், வயிற்றுவலிக்காரர் முனகுவதுபோல. பிறகு தீன் அடியைத் தொட்டிருக்கவேண்டும். ஒரு டிக். அந்தப் பக்கம் ஒன்று. இன்னொன்று. சட்டென்று சூடான எண்ணெயில் யாரோ ஒரு கை கடுகைக் கொட்டினார்கள். வெடித்தது, பரவியது, என் தலைக்குப் பின்னால் போனது, காலடியில் வந்தது. மேலே பார்த்தால் அசையாத கறுப்புத் தண்ணீர், ஒரு தட்டான்பூச்சி. கீழே ஒரு ஊரே பந்தியில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறது! ஒவ்வொரு நொறுக்கும் ஒரு வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பசி. இத்தனை வருடம் இதைப் படமாக, கோடாக, எண்ணாக மட்டும் பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். நான் எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தேனோ, கால் மரத்துப்போய் எழமுடியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணா, கேளுங்க, கேளுங்க!" என்று ஹெட்ஃபோனை நீட்டினேன்.

புலேந்திரன் அண்ணன் வாங்கவில்லை. "வேணாம் தம்பி. இந்தக் குளத்தில செத்து மிதந்ததை ரெண்டு தரம் கண்ணால பாத்தாச்சு. உசிரோட இரிக்கிறதையும் காதால கேட்டுப் பழகிட்டா, மறுகா..." நிறுத்திவிட்டார். பிறகு, "முதல்ல உங்கட பெட்டி கேக்கட்டும். மறுகா நான் கேக்கிறன்" என்றார்.

பெட்டிக்குக் காது கேட்கவில்லை.

இதைப் புரியவைக்க ஒரு ஹோட்டலுக்குப் போகவேண்டும். நான் என் மாடலை எழுதியது பைத்தான் மொழியில். பைத்தான் சொகுசுக்காரன் மொழி. மேசையில் உட்கார்ந்து, வேண்டியதைச் சொன்னால் போதும். ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று நடுவில் இருக்கிறது, அதுதான் சர்வர். ஆர்டரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போகும். என் கோயம்புத்தூர் மேசையின் கிராஃபிக்ஸ் கார்டு கல்யாண மண்டபச் சமையலறை, எதைக் கேட்டாலும் வரும். வந்து பழகியதால், சர்வர் சொன்னால் எந்தச் சமையலறையிலும் எல்லாம் கிடைக்கும் என்று நம்பிவிட்டேன். ஷிரோமியின் சில்லு ஒரு ஒற்றை அடுப்புக் கடை. பெருக்கும், கூட்டும். அதுவும் முழு எண்கள் மட்டும், தசமம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த அடுப்பைப் பற்றவைக்க அதைச் செய்தவர்கள் கொடுத்த வழி சி மொழியில் மட்டும். பைத்தான் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க முடியாது.

என் மாடலோ வாசலிலேயே பிரியாணி கேட்கிற ஆள். அதன் முதல் படி, சத்தத்தைச் சுருதி சுருதியாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கு. சர்வர் உள்ளே போய்விட்டு வந்து கைவிரித்துவிட்டது: இந்தச் செயல் இந்தச் சில்லில் இல்லை. சில்லால் முடியாததைப் பலகையில் இருந்த இன்னொரு நோஞ்சான் மூளையிடம் தள்ளிவிட்டுப் பார்த்தோம். ஒரு நொடிச் சத்தத்தைப் பிரிக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பணிஸ், எங்கள் ஊர் பன், தின்று முடித்தேன். இறாலெல்லாம் தின்று கைகழுவிப் படுத்தபிறகு, 'பசிக்கிறது போலிருக்கிறதே' என்று சொல்லும் பெட்டி.

பட்டறைக்குத் திரும்பியதும் ஷிரோமி தன் ஃபோனை என் முன்னால் வைத்தார்.

"இது என்ன தம்பி?"

"கட்டைவிரல்."

"ஆருட?"

"என்னுதுதான்."

"வடிவா இரிக்கு."

நான் தலையைக் குனிந்தேன். அவர் பலகை வந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'செயற்கை நுண்ணறிவுச் சில்லு' என்று இருந்தது. என்னென்ன செய்யும் என்கிற பட்டியல், கீழே, எறும்பு வாசிக்கிற அளவில். "நானும் முன்பக்கத்தைத்தான் வாசிச்ச" என்றார். அதற்குப் பிறகு அவர் 'தம்பி' என்றதில் சந்தேகம் இல்லை. ஒரே படகில் ஓட்டை போட்ட இரண்டு பேர்.

தயிர்ச்சட்டி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எருமைத் தயிர், கரண்டியால் வெட்டத்தான் முடியும், மேலே கித்துள் பாணி என்கிற கூந்தற்பனைப் பாகு. எங்கள் ஊர் பாக்கெட் தயிரை இதன் பக்கத்தில் வைத்தால் அது தண்ணீர் என்று ஒப்புக்கொண்டு அழும்.

"ஃபூரியர் எண்டுறீங்களே, உள்ளுக்கு என்னதான் நடக்குது? சைனாலயும் கோசைனாலயும் பெருக்கி, கூட்டுறதுதானே?" என்றார்.

"ஆமாக்கா."

"பெருக்கலும் கூட்டலும் இதுக்குத் தெரியும்தானே?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எனக்கு இது தெரியும். கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஃப்ரேம்வொர்க்கில் அது ஒரு சொல், அடைப்புக்குறிக்குள் சத்தத்தைப் போட்டால் மறுபக்கம் வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துபார்க்கும் பழக்கம் எப்போது போனது என்று எனக்கே நினைவில்லை. பிரியாணி என்று கேட்காதே. அரிசி கேள், மசாலா கேள், நீயே கிளறிக்கொள்.

வேலை பிரிந்தது. நான் பைத்தானில் சைன், கோசைன் எண்களை ஒரு பெரிய அட்டவணையாகச் செய்து, மாடலின் முதல் அடுக்காக வைத்துத் தைத்தேன். பெருக்கல், கூட்டல், வேறொன்றுமில்லை. ஷிரோமி சி மொழியில், மைக்கிலிருந்து வரும் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சில்லின் வாய்க்குள் தள்ளும் பகுதியை எழுதினார். அவர் தட்டச்சு செய்யும்போதும் ஆர்கன் வாசிக்கிற மாதிரி கால் தரையில் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் முன்மதியம் அது ஓடியது. அப்படி ஓடியது! ஒரு நொடிச் சத்தத்துக்கு ஒரு கண் சிமிட்டல்கூட ஆகவில்லை. நகத்தளவுச் சில்லு. விரலை வைத்துப் பார்த்தேன், சூடுகூட இல்லை. உள்ளே கணக்கில்லாத பெருக்கல்கள் வரிசையில் நின்று நடந்து முடிந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட எதற்காகப் பெருக்குகிறோம் என்று தெரியாது. எல்லாம் சேர்ந்தால் மட்டும் ஒரு காது. கோயில்களில் எவ்வளவோ முறை கைகூப்பியிருக்கிறேன், எதிரே என்ன இருக்கிறது என்று இவ்வளவு உறைத்ததில்லை.

"கும்பிடுறத விட்டுட்டுப் பையை எடுங்க. பாதை போயிரும்" என்றார் ஷிரோமி.

அன்று வெள்ளிக்கிழமை. மதியத் தீன் நேரத்துக்குக் குளத்தில் இருந்தோம். புலேந்திரன் அண்ணன் தோணியில் நின்று வீசினார். என் காதில் கடுகு வெடித்தது. பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தேன்.

பூச்சியம்.

இன்னும் வீசினார். கடுகு இன்னும் வெடித்தது. பூச்சியம். குளத்தில் உயிர் என்று எதுவுமே இல்லை என்று மிகுந்த வேகத்தோடு, கண் சிமிட்டுவதற்குள், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது என் பெட்டி. சாமான் வைக்கும் கொட்டில் பக்கமிருந்து ஒரு படகு எஞ்சினை உயிர்ப்பித்தார்கள். அதற்கு மட்டும் எண் கொஞ்சம் எகிறிவிட்டு அடங்கியது.

அண்ணன் கரைக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரி" என்றார். தோணியைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். உள்ளே சாந்தி அக்கா எதுவோ கேட்பது கேட்டது.

ஷிரோமியும் நானும் கரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மைக் சரி. அட்டவணை சரி. சி சரி. கடைசியில் அவர் கேட்டார், "இதுக்குத் தசமம் தெரியாதே. அப்ப என்ன அளவில எண்களை முழுசாக்கின நீங்க?"

அதற்கு ஒரு வழி உண்டு. கொஞ்சம் மாதிரிச் சத்தங்களைக் கொடுத்தால், அதில் மிகப்பெரிய சத்தம் எதுவோ அதை, எண்களை முழுதாக்கும் நிரல் உச்சமாக எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் அந்த உச்சத்துக்குள் படி படியாகப் பிரிக்கும். ஒரு படிக்கும் குறைவானது பூச்சியம். நான் கோயம்புத்தூர்த் தொட்டியில் பதிந்த சத்தங்களைக் கொடுத்திருந்தேன்.

"அந்தச் சத்தங்களத் தாங்க" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார். திடீரென்று "ஐயோ!" என்று துள்ளி, ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினார்.

"என்ன இது? குண்டா?"

நான் வாங்கிக் கேட்டேன். டிக், டிக், டிக், டிக். டமார்!

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் மதியம் கேட்பேன்.

"என் டிபன் பாக்ஸ் மூடிக்கா. தொட்டி விளிம்புல விழுந்துச்சு."

"தொட்டிக்கு மேல வச்சா சாப்பிட்ட நீங்க?"

"இறால் சாப்பிடும்போது நானும் கூடவே..."

"என்ன சாப்பாடு?"

"லெமன் சாதம்."

ஷிரோமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஒரே ஒரு மூடி. அதுதான் இந்தப் பெட்டிக்கு உலகத்தின் மிகப்பெரிய சத்தம். லாரி நிறுக்கிற தராசில் கடுகை வைத்துவிட்டு, கடுகுக்கு எடை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். என் மேசையில் தசமத்தோடு ஓடியவரை எந்த மூடியும் எதையும் கெடுக்கவில்லை. எனவே நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரிசெய்ய, இந்தக் குளத்தின் சத்தமே வேண்டும். நான் போய் அண்ணனிடம் சொன்னேன். மூடியையும் சொன்னேன், லெமன் சாதத்தையும் சொன்னேன். சாந்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். அண்ணன் முகத்தில் அசைவில்லை.

"இன்னொரு தரம் தீன் போடணுங்கண்ணா. பதிவு பண்ணிக்கிறோம்."

"பின்னேரத் தீன் ஒண்டு இரிக்கு. அதுக்கு மேல ஒரு பிடி போட மாட்டன். நீங்க கேக்கிறதுக்காகப் போட்டு, மூணாம் தரமும் மிதக்கவா?"

எனவே ஒரே ஒரு முறை. பின்னேரம் அவர் தோணியை எடுத்தபோது நான் என் ஃபோனை அணைத்தேன், செருப்பைக் கழற்றினேன், பேனாவைக்கூடச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தூர வைத்தேன். தும்மல் வந்துவிடக்கூடாதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் பழகிய கைக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. அவர் நின்றபடி, உடம்பை வளைத்து, பெரிய அரைவட்டமாகத் தீனை வீசினார். அது தண்ணீரில் விழும்போது மழைபோல ஒரு சின்னச் சத்தம். பிறகு அந்தப் பந்தி தொடங்கியது. தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும் சக்கரம் சுழலும் சத்தம், படகு, ஒரு மீன் துள்ளியது, எல்லாம் பதிவானது. மூடி எதுவும் விழவில்லை.

பாதையில் திரும்பும்போது வாவி முழுதும் செம்பு நிறத்தில் கிடந்தது. என் மடியில் மடிக்கணினி புதிய அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீருக்கு அடியிலும் எத்தனையோ வாய்கள் இப்போது எதையோ கடித்துக்கொண்டிருக்கும், மேலே நாங்கள் ஐம்பது பேர் ஒன்றும் கேட்காமல் போகிறோம் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற பனிக்கட்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஷிரோமி தமிழில் சொன்னார்: வாய் வீக்கம் வற்றிவிட்டதாம், சந்தோஷமாம்.

சனிக்கிழமை காலை பெட்டியைப் பொருத்தினேன். சாந்தி அக்கா பிட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். இறாலில்லாத தேங்காய்ப்பால் சொதி, எனக்காகத் தனியாக. யாரும் தொடவில்லை. ஷிரோமி சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் ஒரு தடவை குலுங்கி, கொஞ்சம் தீனைத் தூவியது. திரையில் பூச்சியம். தண்ணீரில் வட்டங்கள் பரவின, அழிந்தன. பூச்சியம். நான் அண்ணனைப் பார்க்கவில்லை.

ஒன்று. நாலு. பிறகு எண் ஏறியது. மாடிப்படியில் ஓடுகிற பிள்ளைபோல இரண்டிரண்டாக ஏறியது. மோட்டார் இன்னும் தூவியது. எண் உச்சியில் நின்றது, கொஞ்சநேரம் அங்கேயே ஆடியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, இறங்கியது. மோட்டார் தானாக நின்றது. யாரும் தொடவில்லை. ஷிரோமி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

புலேந்திரன் அண்ணன் தோணியை எடுத்தார். குளத்தின் நடுவே அடியில் கிடந்த தீன் தட்டைக் கயிற்றால் இழுத்தார். மிச்சம் கிடக்கிறதா என்று பார்க்கிற தட்டு அது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் தடவினார். எங்களுக்குத் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. இரண்டு மூன்று இறால் மட்டும் கண்ணாடித் துண்டுகள்போலத் துள்ளித் தண்ணீருக்குள் போயின.

கரைக்கு வந்து, கையைக் கழுவி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு குந்தினார். பெட்டி அடுத்த சுற்றைத் தொடங்கியது. மோட்டார் கொஞ்சம் தூவியது.

அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சேற்றில் உட்கார்ந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன், அவ்வளவுதான். சாந்தி அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார், அழுகையா அடுப்புப் புகையா, தெரியவில்லை.

பெஞ்சின் மேல் கிடந்த புலேந்திரன் அண்ணனின் ஃபோன் அதிர ஆரம்பித்தது. ஏஜென்சி. அதிர்ந்து அதிர்ந்து அது பெஞ்சின் விளிம்புக்கே நகர்ந்துவந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவர் தோளைத் தொட்டு, சத்தமாகக் கேட்டேன்:

"அண்ணா, ஏஜென்சிக்காரங்க கூப்பிடறாங்க. கத்தாருக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"சத்தம் போடாதீங்க தம்பி, தின்னுதுகள்."